தொடைக்கு மூன்று துளை

1

இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் வழக்கம்போல என் மனைவி வாசுகி கட்டிலின் முனையில் உட்கார்ந்து, என் வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பாதத்திலிருந்து தொடைவரை ஏறுகிற இறுக்கமான காலுறையை இழுத்து மாட்டினாள். இது ஓர் ஆள் செய்கிற வேலை இல்லை. நானே இழுத்தால் முழங்காலில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாது, கீழேயும் வராது. அவள் இழுக்க, நான் கட்டிலின் தலைப்பலகையைப் பிடித்துக்கொள்ள, ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் கயிறு இழுக்கும் போட்டியில் இருப்பதாகத் தோன்றும்.

"கலியாணத்தன்னைக்கு என்ற காலைப் புடிச்சு மெட்டி போட்டீங்கல்ல? அதுக்குப் பழி வாங்கறீங்க" என்றாள்.

நான் இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் பஸ் ஓட்டுகிறேன். குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். திரைச்சீலைக் கம்பெனி ஒன்றில் வேலை என்று இங்கே வந்தேன். நான் வந்த ராசி, கம்பெனியை மூடிவிட்டார்கள். உலகத்துக்கே தறி ஓட்டக் கற்றுக்கொடுத்த ஊரில் தறிக்காரனுக்கு வேலை இல்லை என்று பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவன்தான், இன்னும் இறங்கவில்லை.

போன மாதம் டிப்போவில் உடை மாற்றும்போது, சக ஓட்டுநர் ஒருவன் என் காலுறையின் மேல்விளிம்பைப் பார்த்துவிட்டு விசிலடித்தான். ஆபரேஷன் என்றேன். எங்கே என்று கேட்டான். சேலம் என்றேன். அவன் கேட்டது உடம்பில் எங்கே என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய் ஊரைத்தான் சொல்லிற்று. ஒரு வருடம் ஆகியும் என் வாய் திருந்தவில்லை. அதனால் கையை நம்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வந்தது ஆண்குறிப் புற்றுநோய்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு சொல்லுக்காக இருமுறை எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.

2

ஆரம்பத்தில் அது ஒரு சின்னப் புண். முன்தோலுக்கு அடியில், ஆறாமல். சூடு என்று நினைத்தேன். நம் ஊரில் ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் சூடுதான். சாப்பாட்டில் நெய் ஊற்றிக்கொண்டேன். பனி பெய்கிற ஊரில் சூட்டுக்கு வைத்தியம் செய்துகொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இங்கே டாக்டரைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. முதலில் போன் செய்ய வேண்டும். ஒரு பாட்டு ஓடும். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு குரல் சொல்லும். அந்தப் பாட்டு எனக்கு இப்போது மனப்பாடம். கடைசியில் ஒரு பெண் எடுப்பாள். என் மகளாக இருந்திருக்கலாம், அவ்வளவு இளம் குரல். "எதற்காக டாக்டரைப் பார்க்க வேண்டும்?" என்று அவள் ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்பாள்.

குமாரபாளையத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. மருந்துக்கடைக்குப் போய், கூட்டம் குறைகிறவரை வாசலில் நின்று, கடைக்காரர் தனியாக ஆனதும் புருவத்தைத் தூக்கிக் கீழே ஒரு பார்வை பார்த்தால் போதும். அவர் ஒரு களிம்பை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். புருவத்தைப் போனில் எப்படித் தூக்குவது?

"முழங்கால்" என்றேன்.

டாக்டர் என் முழங்காலை மடக்கினார், நீட்டினார், தட்டினார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரு முழம் மேலே பார்த்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அவர் முழங்காலோடு நின்றுகொண்டார். நானும் நிறுத்திக்கொண்டேன். அடுத்த முறையும் அதே பெண் எடுத்தாள். அதே முழங்கால். இந்த முறை உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவரிடம் அனுப்பினார்கள். வீட்டு வரவேற்பறையில் காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். நம்பினால் நம்புங்கள், இல்லாத முழங்கால் வலி நிஜமாகவே குறைந்தது.

புண் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

3

தங்கை சுமதி மகளின் கல்யாணத்துக்குக் குமாரபாளையம் போனோம். தாய்மாமன் என்று மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். சம்மணம் போட முடியவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன், பிறகு மறுபக்கம். கல்யாண வீடியோவில் மணமக்களைவிட நான்தான் அதிகம் அசைந்திருக்கிறேன்.

"ஏண்ணா, முள்ளு மேல உக்காந்தாப்புல இந்த நெளி நெளியறீங்க?" என்று சுமதி காதருகே கேட்டாள்.

"பட்டு வேட்டி. புதுசு. குத்துது."

மறுநாள் மத்தியானம் அதே பட்டு வேட்டியை மடிக்க எடுத்த வாசுகி, அதில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "முழங்கால் வலின்னு போனதெல்லாம் இதுக்குத்தானுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு ஆச்சரியம். இரண்டு டாக்டர்களுக்குத் தெரியாதது இவளுக்கு வேட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதே.

அடுத்த நாளே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சிறுநீரக அறுவை மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே காத்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் அப்படி ஒன்றும் இல்லை, நானும் பார்த்தேன்.

டாக்டருக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். பார்த்தார். கேட்டார்.

"முன்தோல் பின்னால போகுமுங்களா?"

"சின்ன வயசுல இருந்தே போனதில்லைங்க."

"ஆருகிட்டயும் சொல்லலியா?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான்னு நெனச்சேனுங்க."

அவர் சிரிக்கவில்லை. இப்படி நினைத்துக்கொண்டே வயதாகிறவர்கள் நிறையப் பேர் என்றார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, புற்று என்று உறுதியானதும், முதல் அறுவையில் நோய் இருந்த முனையை எடுத்துவிட்டார். மீதியைக் காப்பாற்றிக் கொடுத்தார். நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கலாம், குடும்பம் நடத்தலாம் என்று அவர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னபோது வாசுகி அவர் மேசையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அதோடு முடியவில்லை.

"கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுமே, தெரியுமுங்களா?" என்றார் டாக்டர். "அந்த நெறிதான் இப்ப நமக்கு முக்கியம். இந்த நோய் அடுத்து போற இடம் அது. ரெண்டு பக்கமும். ஸ்கேன்ல சின்னதா இருந்தா தெரியாது. எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும். நெறியில இல்லைன்னா உங்களுக்கு இதோட முடிஞ்சுது, சும்மா வந்து காட்டிட்டுப் போனாப் போதும். இருந்துச்சுன்னா…"

"இருந்துச்சுன்னா?"

"வேற மாதிரி வைத்தியம் பண்ணணும். அதை அப்பப் பேசலாம்."

அவர் அப்பப் பேசலாம் என்று ஒத்திவைத்த அந்தப் பேச்சுதான் அடுத்த சில வாரங்கள் என்கூடவே சாப்பிட்டது, படுத்தது, பல் தேய்த்தது.

4

முன்பெல்லாம் தொடை இடுக்கில் ஒரு சாணுக்கு வெட்டித்தான் அந்த நெறிகளை எடுப்பார்களாம். வெட்டிய இடத்தில் தோல் கறுத்துச் சாகும், தையல் பிரியும், நீர் கசியும், சிலர் மாதக்கணக்கில் படுத்தே கிடப்பார்கள். டாக்டர் இதைச் சொல்லிவிட்டு ஒரு தாளில் என் தொடையை வரைந்தார். என் தொடை அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

"இப்ப தொடைக்கு மூணு துளைதான். ஒண்ணுல கேமரா, மத்த ரெண்டுல கருவி. உள்ள காத்தை அடிச்சா தோல் மட்டும் கூடாரமாட்டத் தூக்கிக்கும். நம்ம சோடாவுல இருக்குதே, அதே காத்துதான். அந்தக் கூடாரத்துக்குள்ள போயி நெறியையும் சுத்தி இருக்கற கொழுப்பையும் பிரிச்சு, ஒரு பையில போட்டு வெளிய எடுத்துருவோம்."

நான் அவர் வரைந்த மூன்று புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்தத் துளையெல்லாம் நடுத்தொடையில வருதுங்களா?"

"ஆமா. இடுக்குல வெட்டே கிடையாது."

"அப்ப வேட்டியை மடிச்சா துளை தெரியும். மத்தது தெரியாது?"

"தெரியாது. ஏன் கேக்கறீங்க?"

"ஒறம்பரை பாக்க வருவாங்க, டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பொழைப்பேனான்னு கேட்டவங்க உண்டு. காட்ட முடியுமான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க உறவுகள் வரும். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ரொட்டி எல்லாம் வரும். ஆனால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட மாட்டார்கள். தையலைப் பார்க்க வேண்டும். பார்த்து, உச்சுக் கொட்டி, தன் தையலோடு ஒப்பிட்டு, யார் தையல் நீளம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் காபி. காட்ட மறுப்பது வந்தவரை வாசலோடு அனுப்புவதற்குச் சமம். இந்தச் சபைக்கு முன்னால் எனக்கு வந்த நோயோடு போய் நிற்பதை நினைத்துத்தான் நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். சாவு பயம்கூட அதற்கு அப்புறம்தான் வரிசையில் நின்றது.

5

கூட இருக்க ‘அட்டெண்டர்’ என்று ஓர் ஆண் துணை வேண்டும் என்றார்கள். மகன் நித்தின் வந்தான்.

அவன் இங்கிலாந்தில் பிறந்தவன். வேறொரு நகரத்தில் வேலை. என்ன வேலை என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான், எனக்குப் புரிந்ததில்லை. கேட்டால் மறுபடி விளக்குவானே என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன். வாரத்துக்கு ஒருமுறை போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். நானும் ஒன்று அனுப்புவேன். தகப்பனும் மகனும் ஒருவருக்கொருவர் கட்டைவிரல் காட்டிக்கொண்டே வருடங்கள் போய்விட்டன. பள்ளிக்கூடம் சேர்கிறவரை அவன் தமிழ் மட்டும்தான் பேசினான். சேர்ந்ததும் நிறுத்திவிட்டான். அதனால் அவன் தமிழ் ஐந்து வயதோடு அப்படியே நிற்கிறது. பெரியவர்களை நீ என்பான். சாப்பாட்டை மம்மு என்பான். தாடி வைத்த ஆள், ஆறடி உயரம்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது இரண்டு தொடையிலிருந்தும் ஒவ்வொரு குழாய் இறங்கி, நுனியில் ஒரு குப்பி தொங்கிற்று. உள்ளே ஊறுகிற நீர் அதில் சேரும். நித்தின் கையுறை மாட்டிக்கொண்டு அதைக் காலி செய்தான். சொல்லிக்கொடுத்தது ஒருமுறைதான். முகம் சுளிக்கவில்லை. மறுநாள் என்னை எழுப்பி நடக்க வைத்தார்கள். நான் இரண்டு குப்பிகளையும் பிடித்துக்கொண்டு, காவிரியில் தண்ணீர் எடுத்து வருகிறவன் மாதிரி நடந்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்து, பார்க்கிறீர்களா என்று கேட்டு, தன் மடிக்கணினியில் அறுவையின் பதிவை ஓடவிட்டார். வாசுகி வேண்டாம் என்று வராந்தாவுக்குப் போய்விட்டாள். நானும் நித்தினும் பார்த்தோம்.

அதை எப்படிச் சொல்வது? என் தோலுக்கு அடியில் ஒரு மண்டபம் இருந்தது. விளக்குப் போட்ட மண்டபம். மேலே கூரையாக என் தோல். சுவரெங்கும் மஞ்சளாகக் கொழுப்பு, கொத்துக் கொத்தாக, நடுநடுவே பயறு மாதிரி நெறிகள். மெல்லிய இரண்டு கருவிகள் அதைத் தொட்டும் தொடாமலும் பிரித்துக்கொண்டு போயின. எங்கேயும் அவசரம் இல்லை. ஓர் இடத்தில் நீலமாக ஒரு நரம்பு குறுக்கே வந்தது. காலிலிருந்து ரத்தம் ஏறிவருகிற பெரிய நரம்பு, இதை வெட்டினால் கால் வீங்கும், அதனால் விட்டுவிட்டோம் என்றார் டாக்டர். கருவி அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஓடுகிற தறியில் பாவு நூல் ஒன்றுகூட அறாமல், ஊடே சிக்கிய பஞ்சை மட்டும் பொறுக்கி எடுக்கிற கையை நான் பார்த்திருக்கிறேன். அது இதில் பாதி வேலைகூட இல்லை.

கடைசியில் கொழுப்பெல்லாம் நீங்கியதும் ஒரு குழாய் தெரிந்தது. துடித்துக்கொண்டிருந்தது. ஒரே சீராக.

"அது என்னங்க?"

"உங்க காலுக்குப் போற ரத்தக்குழாய்."

பல வருடங்களாக நான் உட்கார்ந்து, தூங்கி, பஸ் ஓட்டி, முழங்கால் வலி என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம் அது அங்கே துடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சொல்ல ஒரு கேலிகூட வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நித்தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாட்டி போடு" என்றான் டாக்டரிடம். நீ, வா, போ எல்லாம்தான். டாக்டர் மறுபடி போட்டார்.

6

சோதனை முடிவு வர நாளாகும் என்று குழாய்களோடேயே சுமதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மை தெரிந்தவர்கள் வாசுகியும் நித்தினும் மட்டும். மற்றவர்களுக்குச் சொல்ல நான் ஒரு நோயைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்: கால் நரம்பு சுருட்டல். நாள் முழுக்கத் தறிக்கு முன்னால் நிற்கிற ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு அது உண்டு. தொடையில் துளை, காலில் இறுக்கமான உறை, எல்லாம் பொருந்திற்று. இவ்வளவு கச்சிதமான பொய்யை நான் அதுவரை நெய்ததில்லை.

முதலில் வந்தது செல்வராசு. என் பெரியப்பா மகன், என்னைவிட இளையவன், சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருக்கிறான்.

"காட்டுங்ண்ணா" என்றான், உட்காருவதற்கு முன்பே.

வேட்டியை மடித்தேன். குனிந்து பார்த்தான். இன்னும் குனிந்தான்.

"இவ்வளவுதானா? கொசு கடிச்சாப்புல இருக்குது. இதுக்கா இங்கிலாந்துல இருந்து மவனை வரவெச்சீங்க?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே காட்டினேன். சோடாக் காற்றையும் கூடாரத்தையும் விளக்கினேன். ஊரே வாயைப் பிளந்தது. அதில்தான் வினை வந்தது. இரண்டு நாள் கழித்து டாக்டரே போன் செய்தார்.

"என்னங்க, உங்க ஊர்ல இருந்து ரெண்டு பேரு வந்து காலைத் தூக்கி என்ற மேசை மேல வெச்சுட்டாங்க. செல்வராசுங்கறவரு அனுப்பினாராம். உங்களுக்குப் பண்ணின அதே ஆபரேஷன் வேணுமுங்கறாங்க."

"ஐயையோ. என்ன சொன்னீங்க?"

"அதே ஆபரேஷன் பண்ணினா அவங்களும் சம்மதிக்க மாட்டாங்க, அவங்க ஊட்டுக்காரம்மாவும் சம்மதிக்க மாட்டாங்கன்னு மனசுல நெனச்சுக்கிட்டேன். நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பிச்சுட்டேன். ரிசல்ட்டு வெள்ளிக்கிழமை வந்துரும், வாங்க."

வெள்ளிக்கிழமை. அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

7

வியாழக்கிழமை வீடு நிறைய ஆட்கள். செல்வராசு நடுவில் உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொருத்தரா பஸ் ஏறிப் போறது வேலைக்காகாது. நம்ம பட்டறையில கால் நரம்புக்காரங்க எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்தி, அண்ணனுக்குப் பண்ணின டாக்டருகிட்டயே கொண்டுபோய் எறக்கிப்புடறேன். எல்லாத்துக்கும் அதே ஆபரேஷன். கேட்டா அண்ணன் பேரைச் சொன்னாப் போதும்."

மூலையில் போன் பார்த்துக்கொண்டிருந்த நித்தின் தலையை நிமிர்த்தினான். அவன் மனசுக்குள் இந்தத் தமிழ் ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலமாவது முகத்தில் தெரிந்தது. ஒரு வண்டி நிறைய மனிதர்கள். அதே ஆபரேஷன். பதறி எழுந்து நின்றுவிட்டான்.

"வேணாம்! போவாத! அது கால் டாக்டரு இல்ல!" செல்வராசின் தோளைப் பிடித்துக்கொண்டான். "அப்பாக்கு குஞ்சாமணில கேன்சர்!"

அவனுக்கு வேறு சொல் தெரியாது. ஐந்து வயதில் நான்தான் குளிப்பாட்டும்போது சொல்லிக்கொடுத்தது.

ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள், ஃபேர்லேண்ட்ஸில் பார்த்த அதே பார்வை. சுமதி காபித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அடுத்த வீட்டுச் சரோஜாக்காதான் முதலில் பேசினார். அறுபது தாண்டிய மனுஷி, ஆப்பிள் பை மடியில்.

"ஏஞ்சாமி, அல்லாரும் இழவு ஊட்டுல உக்காந்தாப்புல உக்காந்துட்டீங்க? என்ற கர்ப்பப்பையை எடுத்தப்ப இந்த ஊரே வந்து வெசாரிச்சுது. நீயுந்தானே வந்தே செல்வராசு, ஹார்லிக்ஸு பாட்டலோட. அப்ப ஆருக்கும் தொண்டை அடைக்கலையே. ஆம்பளைக்கு வந்தா மட்டும் என்ன பவுசு?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நெறியில எறங்கிருச்சாமா?"

"நாளைக்குத் தெரியுமுங்க்கா."

"எறங்கியிருக்காது. காபியைக் குடி. அந்தப் பையனுக்கு மொதல்ல குடு புள்ள, அவன்தான் நடுங்கறான்."

நித்தின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தவறு செய்துவிட்டேனா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான். இல்லை என்றேன். செல்வராசு காபியைத் தொடாமலேயே எழுந்து போனான்.

8

மறுநாள் காலையில் அவனே காரோடு வந்து நின்றான். "நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். வாசுகியும் நித்தினும் பின்னால், நான் முன்னால். சங்ககிரி தாண்டும்வரை பேசவில்லை. செல்வராசு பேசாமல் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஓட்டுகிற நேரமெல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே வருகிறவன்.

பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அண்ணா. உங்களுக்கு மொதல்ல எப்படி இருந்துச்சு?"

"புண்ணு மாதிரி. ஆறல. சூடுன்னு நெனச்சேன்."

"நானும் வெளக்கெண்ணெ வெச்சுப் பாத்தேன்" என்றான்.

பின் இருக்கையில் வாசுகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்க நினைத்தேன், என் கணக்கு நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். காகிதத்தை மேசையில் வைத்துத் திருப்பினார். எனக்கு எழுத்து ஓடவில்லை. வாசுகி என் முழங்காலைப் பிடித்தாள், நான் அத்தனை பொய் சொன்ன அதே முழங்காலை.

"எடுத்த நெறி எல்லாத்தையும் சோதிச்சாச்சு. வலது பக்கம், இடது பக்கம், ஒண்ணுலயும் நோய் இல்லை. சுத்தம்."

"எல்லாத்துலயுமா?" என்றாள் வாசுகி.

"எல்லாத்துலயும்மா."

அவள் எழுந்து, டாக்டரைக் கும்பிட்டு, சுமதிக்குப் போன் செய்ய வேண்டும் என்று படியிறங்கிப் போய்விட்டாள். அழுவதற்குத்தான் போனாள் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். நித்தின் என் பின்னங்கழுத்தில் கை வைத்தான். கட்டைவிரல் அல்ல, முழுக் கை. என்ன கனமான கை. எப்போது இவ்வளவு பெரிதாயிற்று என்று தெரியவில்லை.

குழாய்களை அன்றே உருவிவிட்டார்கள். வெளியே வந்தோம். செல்வராசு தன் பெயருக்கும் ஒரு சீட்டுப் போட்டுவிட்டு வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முடிவைச் சொன்னேன். "நல்லது, நல்லது" என்றான் இரண்டு முறை, எழுந்து நிற்காமலேயே. அவன் பெயரைக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

"நான் வாரேன், வாடா" என்றேன்.

"நீங்க வேண்டாங்ண்ணா. நீங்க சிரிப்புக் காட்டுவீங்க, எனக்கு அழுகை வந்துரும்." நித்தினைப் பார்த்தான். "நீ வா சாமி. எனக்கு வாய் வராது. நீ சொல்லிப் போடு."

நித்தின் அவன் கையைப் பிடித்து எழுப்பினான். இருவரும் உள்ளே போனார்கள், கதவு சாத்திக்கொண்டது. ஊரில் ஒரு தறிப்பட்டறையையே அதட்டி ஓட்டுகிற மனிதனுக்காக, ஐந்து வயதுத் தமிழில் என் மகன் பேசுகிற குரல் கதவு வழியாகக் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. நடுவில் டாக்டரின் குரல். பிறகு வெகுநேரம் கழித்து, முதன்முறையாக, செல்வராசின் குரல்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். செல்வராசுக்கும் அதுதான். ஆனால் மேல்தோலோடு நின்றிருந்தது, ஒரு சிறிய அறுவையோடு சரியாகிவிட்டது. பட்டறையில் இப்போது பழையபடி எல்லாரையும் அதட்டுகிறான். அன்று அந்த வராந்தாவில் இது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த அறையிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன், அவன் உள்ளே போயிருக்கிறான் என்பது மட்டும்தான்.

கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கையில் செல்வராசின் சட்டையும் கைக்கடிகாரமும் மோதிரமும்.

"துணுக்கு எடுக்கணும். செல்வராசுங்கறவருக்கு அட்டெண்டர் ஆருங்க?"

எழுந்தேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க பேஷண்டாச்சுங்களே?"

"இல்லைங்க" என்றேன். "அட்டெண்டர். அவனுக்கு அண்ணன்."

அவள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சட்டையை வாங்கிக்கொண்டேன். வியர்வையில் நனைந்திருந்தது. அதை மடித்து, கடிகாரத்தையும் மோதிரத்தையும் பத்திரமாக உள்ளே சுற்றி, பழக்கத்தில் மறுபடியும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"அங்க உக்காராதீங்க, அது பேஷண்டுங்க உக்கார்ற இடமுங்க" என்றாள் நர்ஸ். "நீங்க அக்கட்டால வந்துருங்க."

எழுந்து அந்தப் பக்கம் போனேன்.